தலையில் இல்லாத குடம்

என் கழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. ஒன்பது வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தவள் நான். ஆற்றங்கரையில் குடம் தலைக்கு ஏறினால், மேலே குகைக் கோயிலில் இறக்கும்வரை ஒரு கைதான் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதுவும் பார்க்கிறவர்கள் பதறக் கூடாது என்பதற்காக. கூட்டம் இடிக்கும், உறுமி காதைப் பிளக்கும், நடுப்படியில் எவனாவது செல்பி எடுக்க நின்றுவிடுவான். கழுத்துக்குக் கீழே என்ன ஆடினாலும் மேலே ஒன்றும் ஆடாது. சொட்டுப் பால் சிந்தியதில்லை. பக்கத்தில் வருகிற பெண்கள் தோளெல்லாம் நனைந்து வருவதைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். விரதம் இருக்கிறவள் அப்படி நினைக்கக் கூடாதுதான். நினைத்தேன்.

வேண்டுதல் என் வீட்டுக்காரருக்காக. கிள்ளான் துறைமுகத்தில் கிடங்குக் கிளார்க்காக வேலை பார்த்தவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு போய், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். வெளியே நீல நிற நாற்காலியில் உட்கார்ந்து நான் முருகனிடம் சொன்னேன். இந்த மனுஷனை எழுப்பிக் கொடு. இவர் இருக்கிறவரைக்கும் வருஷா வருஷம் தலையில் பால்குடம் எடுத்து வருகிறேன். எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, "என் உசுருக்கு நீ காண்ட்ராக்ட் போட்டியா? என் கையெழுத்து வேணாமா?" என்றார். அவர் எதையும் இப்படித்தான் பேசுவார். எனக்கோ அது விளையாட்டு இல்லை. அவர் இருக்கிறவரை நான் சுமப்பேன் என்றால், நான் சுமக்காவிட்டால் என்ன என்று ஒரு கேள்வி அதற்குள்ளேயே இருந்தது. அதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஒன்பதாவது வருடம் குடத்தை இறக்கிய பிறகு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நான் கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் தாதி. முப்பது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளின் வாயைக் குனிந்து பார்ப்பதுதான் வேலை. இரண்டு மாதம் கழித்து, வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடி என் விரலிலிருந்து நழுவி ஒரு பிள்ளையின் நாக்கின் மேல் விழுந்தது. அது வாயை மூடாமலே என்னைப் பார்த்தது. நான் சிரித்துச் சமாளித்தேன். அன்று மாலையே டாக்டரைப் பார்க்கப் போனேன்.

கழுத்தில் டிஸ்க் தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். தலையில் பாரமே வைக்கக் கூடாது. தைப்பூசத்துக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறதே, அதற்குள் சரியாகாதா என்று கேட்டேன். அவர் சீனப் பெண்மணி. என்ன கேட்கிறேன் என்று நன்றாகவே புரிந்துகொண்டு, அதற்குப் பதில் சொல்லாமல், நீந்துங்கள், மல்லாந்து நீந்துங்கள், கழுத்துக்கு நல்லது என்றார். நீந்துங்கள் என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது. பத்து மாதத்தில் கழுத்தைச் சரிசெய்து பத்தாவது குடத்தை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பூச்சோங்கில் எங்கள் அடுக்குமாடியில் நீச்சல் குளம் உண்டு. பதினொரு வருடம் அதை மேலிருந்து பார்த்ததோடு சரி. முதல் சனிக்கிழமை பழைய டீ ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போட்டுக்கொண்டு இறங்கப் போனேன். நேப்பாளிக் காவல்காரர் ஓடி வந்தார். "காக், பாஜு இனி தா போலே லா," என்று என் டீ ஷர்ட்டைக் காட்டி, சுவரில் இருந்த அறிவிப்பையும் காட்டினார். அந்த உடுப்போடு இறங்கக் கூடாதாம். ஐம்பத்தைந்து வயதில் நீச்சல் உடை வாங்க நான் பட்ட பாடு தனிக் கதை. கடைசியில் முஸ்லிம் பெண்கள் போடுகிற, மணிக்கட்டிலிருந்து கணுக்கால்வரை மூடிய உடை ஒன்றை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கினேன்.

முதல் குருநாதர் என் வீட்டுக்காரர். அவருக்கு நீந்தத் தெரியாது. குளத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்து, "கைய வீசு, கால ஒத, மூச்ச வுடு," என்று கட்டளை போடுவார். மற்ற ஆன்டிகளைப் பார்த்து, முடி நனையாமல் தலையை நிமிர்த்திக்கொண்டு தவளைபோலக் கையை விலக்கி நீந்தப் பழகினேன். மூன்று வாரத்தில் குளத்தின் அகலத்தைக் கடந்துவிட்டேன். கால் மட்டும் தரையைத் தேடிக்கொண்டு கீழேயே போகும். விரலின் மரமரப்பு முழங்கைவரை ஏறியது. நீந்தினால் சரியாகும் என்றார்களே என்று எனக்குக் கோபமான கோபம்.

குளத்தில் சனி, ஞாயிறு காலையில் ஒரு பெண் வருவாள். முப்பது வயசு இருக்கும். இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் பெண், வேலை விசாவில் வந்து நாலு வருடம், சைபர்ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை. என்னுடையதைப் போலவே முழு உடை. அவள் நீந்தினால் தண்ணீர் சத்தமே வராது. ஒருநாள் நான் கரையைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"ஆன்டி, தப்பா நெனச்சுக்காதீங்க. தலையில எதையாச்சும் வச்சுக்கிட்டு நீந்துற மாதிரியே நீந்துறீங்க. அது விழுந்துடக் கூடாதுங்கிற மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பால்குடத்தைப் பற்றி இவளுக்கு யார் சொன்னது? நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று கையை விரித்தார்.

"தலைய தூக்குனா கால் எறங்கும் ஆன்டி, தராசு மாதிரி. நீங்க கால ஒதச்சு ஒதச்சு, எறங்குன கால தூக்கப் பாக்குறீங்க. தலைய எறக்குனாப் போதும்."

இறக்குனாப் போதுமாம். முப்பது வயசுப் பெண்ணிடமிருந்து கேட்டதால் இன்னும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. இருந்தாலும் மறுநாள் காலை அவளுக்கு முன்னால் போய்க் குளத்தில் நின்றேன்.

அவள் நீச்சல் சொல்லிக்கொடுக்கவே இல்லை. முதல் இரண்டு வாரம் முகத்தைத் தண்ணீரில் வைத்து மூக்கால் மூச்சை விட்டுக் குமிழி எழுப்பச் சொன்னாள். வாயால் இழு, மூக்கால் விடு. கிளினிக்கில் முப்பது வருடமாக நான் பிள்ளைகளிடம் சொல்வதற்கு இது நேர்மாறு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கால் இழுக்கச் சொல்கிறவள் நான். அதனால் பாதித் தண்ணீர் மூக்கில் ஏறும், மீதி வாயில் போகும். எத்தனை வாய் குளோரின் தண்ணீர் குடித்தேன் என்பது எனக்கும் அந்தக் குளத்துக்கும்தான் தெரியும்.

பிறகு மல்லாந்து படுக்கச் சொன்னாள். என் பின்மண்டைக்கு அடியில் அவள் உள்ளங்கை.

"நீங்க தலைய எனக்குக் குடுக்கல ஆன்டி."

"குடுத்துட்டேம்மா."

"இல்ல. நீங்களேதான் தூக்கி வச்சிருக்கீங்க. என் கையில ஒண்ணுமே இல்ல."

அவள் என்ன சொல்கிறாள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருக்கும் பிள்ளையின் தலையை நான் இடது கையால் அணைத்துப் பிடிப்பேன். சில பிள்ளைகள் தலையைக் கொடுத்துவிடும். சில பிள்ளைகள் கொடுத்ததுபோல் காட்டிவிட்டு ஒரு நூல் உயரத்தில் தாங்கியே வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். கொடுத்த தலை கனக்கும். கொடுக்காத தலைக்குக் கனமே இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஊசியைக் காட்டினால் துள்ளும் என்று எனக்குத் தெரியும்.

"ரிலாக்ஸ் பண்ணுங்க ஆன்டி."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதம்மா," என்றேன். நானே எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன வார்த்தை. அதைக் கேட்டு ஒரு பிள்ளைகூடத் தளர்ந்தது கிடையாது. இன்னும் விறைத்துக்கொள்ளும். அதனால்தான் நான் வேறு வழி வைத்திருந்தேன். கால் கட்டைவிரலை ஆட்டு, ஆடுதா என்று நான் பார்க்கிறேன் என்பேன். பிள்ளையின் கவனம் காலுக்குப் போகும். கழுத்து தானாக இறங்கும். அது ஏன் என்று நான் யோசித்ததில்லை, வேலை நடந்தால் போதும் எனக்கு.

அன்று தண்ணீரில் கிடந்தபடி எனக்கு நானே கிளினிக் குரலில் சொல்லிக்கொண்டேன். கட்டைவிரலை ஆட்டு. ஆட்டினேன். அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாக்கு மேல் அண்ணத்தில் பசைபோட்டு ஒட்டியதுபோல் அழுந்தியிருந்தது. தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். எல்லாம் சேர்ந்து எதையோ நேராக வைத்துக்கொண்டிருந்தன. அங்கே எதுவும் இல்லை. நாக்கை விட்டேன், தாடை இறங்கியது. தாடை இறங்கியதும் பிடரியில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. காது தண்ணீருக்குள் போய், அடுத்த மாடியில் கொடியில் காய்ந்த துணிகளும் வானமும் தெரிந்தன. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஆங்! இப்பக் குடுத்தீங்க," என்றாள் அவள். எங்கேயோ தூரத்தில் பேசுவதுபோல இருந்தது.

சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. சட்டென்று எழுந்து நின்று தண்ணீரைத் துப்பினேன். பிறகு மறுபடியும் படுத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது என்று சொல்ல ஆசைதான். ஆடியில் மிதந்தேன். தீபாவளிக்குள் மல்லாந்து நீந்திக் குளத்தின் நீளத்தைக் கடந்தேன். சில வாரம் பின்னால் போய், முதல் நாள்போல் கல்லாகக் கிடப்பேன். ஆனால் தண்ணீருக்கு வெளியே ஒரு தொல்லை ஆரம்பித்தது. கழுத்து எப்போதெல்லாம் இறுகுகிறது என்று தெரிந்துபோய்விட்டது. வெங்காயம் நறுக்கக் கழுத்து எதற்கு? போனில் தங்கச்சியோடு பேச எதற்குத் தோளைத் தூக்க வேண்டும்? பூச்சோங் சிக்னலில் பச்சை விழக் காத்திருக்கும்போது, நான் விறைத்தால் விளக்கு சீக்கிரம் மாறிவிடுமா? ஒவ்வொரு முறையும் பிடிபட்டதும் நாக்கை விடுவேன். கிளினிக்கில் நாற்காலியை உயர்த்திக் குனிவதைக் குறைத்தேன். நவம்பரில் ஒருநாள் சட்டைப் பித்தானைப் போடும்போது அதன் நான்கு ஓட்டைகளும் விரலுக்குத் தெரிந்தன.

டிசம்பரில் டாக்டர் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்து, அப்படியென்றால் குடம் என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். பாரம் வைத்தால் திரும்ப வரும், இந்த முறை கை முழுதாகப் போகலாம் என்றார். நான் நம்பவில்லை. என் கழுத்தை இவருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்னால், வீட்டுக்காரர் ரொட்டி வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் குடத்தை எடுத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, சும்மாட்டை வைத்துத் தலையில் ஏற்றினேன். சமையலறையிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து சமையலறைவரை. தண்ணீர் தளும்பவில்லை. பழைய திமிர் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. அதற்குள் மற்றதெல்லாம் தெரிந்துவிட்டது. பல் கடித்திருந்தது. நாக்கு மேலே ஒட்டியிருந்தது. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. கால் விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்திருந்தன. நாலாவது நடையில் கட்டைவிரல் மரத்தது. ஒன்பது வருடமும் இதெல்லாம் நடந்துதான் இருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் இனி இருக்க முடியாது.

குடத்தை இறக்கித் தரையில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ரொட்டியோடு உள்ளே வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

"எடுக்க முடியாதுங்க," என்றேன். "நான் எடுக்கலன்னா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

பத்து வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தரையில் உட்கார அவருக்கும் கஷ்டம். குடத்தை ஒரு கையால் தூக்கப் பார்த்து, முடியாமல் வைத்தார்.

"ஒம்போது வருசமா என்னைத் தலைமேல வச்சுக்கிட்டா நடந்த? நான் இவ்ளோ கனம்னு ஒரு வார்த்த சொல்லல பாரு."

சிரிப்பு வரவில்லை எனக்கு. அவர் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். ஆனால் அவர் கண்ணும் சரியில்லை.

தைப்பூசத்தன்று கைப்பிடிக்கு அடக்கமான ஒரு செம்பில் பால் எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் சேலை, மாலை எல்லாம் உண்டு, தலை மட்டும் காலி. வழக்கமாகப் பார்க்கிற பெண்கள், "அக்கா, குடம் எங்க?" என்று கேட்டார்கள். கழுத்து சரியில்லை என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனேன். படியேறும்போது எத்தனை பேர் பால் சிந்துகிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. சந்நிதியில் செம்பைக் கொடுத்துவிட்டு, முருகா, இவ்வளவுதான் என்னால் முடியும், வார்த்தை தவறினது நான், அவரை ஒன்றும் செய்துவிடாதே என்றேன். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள், நகர்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் சில வாரம் நான் அவரைக் கண்காணித்த விதம் எனக்கே அசிங்கமாக இருந்தது. இருமினால் ஓடுவேன். மாடிப்படி ஏறினால் எண்ணுவேன். குளியலறையில் ஐந்து நிமிடம் கூடிவிட்டால் கதவைத் தட்டுவேன். ஒரு காலை அவர் எழுந்து வந்து, "இன்னும் இருக்கேன். தோசைய ஊத்து," என்றார். ஊத்தினேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இப்போதும் இருக்கிறது. ஆனால் அதையும் கழுத்து இறுகுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடித்தால் நாக்கை விடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நீந்தி முடித்துக் கரைக்கு வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அவர் படியருகே நின்றுகொண்டிருந்தார், கழுத்துவரை மூடிய கறுப்பு நீச்சல் சட்டையில். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் என் முன்னால்கூடச் சட்டையைக் கழற்றுவதில்லை, நெஞ்சில் தழும்பு நீளமாக இருக்கும். இந்தச் சட்டையை எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் குளத்தின் மறுகோடியில் நீந்திக்கொண்டிருந்தாள். தண்ணீரில் இறங்கலாமா என்று நான் அவரைக் கேட்டபோது, டாக்டரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன் என்றார்.

"என்னையும் படுக்க வை," என்றார்.

இடுப்பளவுத் தண்ணீரில் அவரைச் சாய்த்து, பின்மண்டைக்கு அடியில் என் வலது கையை வைத்தேன். நரைமுடி விரலில் தெரிந்தது, ஐந்து விரலிலும். தலை ஒரு நூல் உயரத்தில் நின்றது.

"தலைய எனக்குக் குடுக்கல நீங்க."

"குடுத்துட்டேன்."

"பொய். எனக்கா தெரியாது? கால் கட்டைவிரல ஆட்டுங்க, பாப்போம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே தண்ணீருக்கு மேலே இரண்டு விரல்கள் ஆடின. ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. அடுத்த மூச்சுக்குள் தலை இறங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு மொத்தமும். நான் எடுத்த எந்தக் குடமும் இந்தக் கனம் இருந்ததில்லை. கை தாங்கிக்கொண்டது. கழுத்து சும்மா இருந்தது.

"கனமா இருக்கேனா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"ரொம்ப," என்றேன்.